வறுத்த கல்லும் உன் வருங்கால மாமனாரும்

தம்பி,

ஒரே நகரத்தில் இருந்துகொண்டு அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கிற உன் வீட்டுக்கும் வில்லரேயில் இருக்கிற எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு மெத்ரோவும் ஒரு பஸ்ஸும்தான். ஆனால் தொலைபேசியில் நான் இரண்டு வசனம் பேசுவதற்குள் "சரி அம்மா, சரி அம்மா" என்று வெட்டிவிடுகிறாய். கடிதத்தை உன்னால் வெட்ட முடியாது. உனக்குத் தமிழ் வாசிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதுவும் நல்லதுதான், மெதுவாக வாசி. வாசித்து முடித்தபின் யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டுக்குக் கொண்டுபோய் உன் மாமனாராக வரப்போகிறவருக்கும் காட்டு. எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை, ஒளித்தவளும் நான் இல்லை.

நேற்று நீ கேட்டாய்: "அம்மா, அந்த அளவுகளைப் புரொபெசரிட்டைக் குடுத்திடுங்கோவன். கலியாணப் பரிசு எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ." நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். வாய் அடைத்துப்போய் வைக்கவில்லை. வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டு மடாமும் கதவைத் திறந்து பார்க்கும் அளவுக்குக் கத்தியிருப்பேன், அதனால் வைத்தேன். பதில் இதுதான்: தரமாட்டேன். ஏன் தரமாட்டேன் என்பதை இன்று முழுவதுமாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததெல்லாம் அரைகுறை. அந்த அரைகுறையை வைத்துக்கொண்டுதான் நீ இவ்வளவு பெரிய மனிதனாக என்னிடம் சமாதானம் பேச வந்திருக்கிறாய்.

நான் பட்டத்துக்குப் படித்த பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் என்ன செய்தேன் என்று உன் நண்பர்கள் கேட்டபோது, "என் அம்மா கல்லைத் தட்டிப் பார்க்கிறவள்" என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தாய். எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் அது உண்மை. நிலத்துக்கு அடியில் எண்ணெயோ வாயுவோ இருக்கிறதா என்று பார்க்க மேலே நின்று நிலத்தை அதிரவைப்பார்கள். அந்த அதிர்வு கல்லுக்குள்ளால் எவ்வளவு வேகமாகப் போய்த் திரும்புகிறது என்பதிலிருந்து கீழே என்ன இருக்கிறது என்று சொல்வார்கள். அப்படிச் சொல்லவேண்டுமென்றால் முதலில் ஒரு துண்டுக் கல்லை எடுத்து அதற்குள் ஒலி எப்படிப் போகிறது என்று அறிந்திருக்க வேண்டும். நான் உருளையாக வெட்டிய மணற்கல்லை இரும்புக் கூட்டுக்குள் வைத்து, ஆழத்தில் இருக்கிற அழுத்தம் வரும்வரை நெருக்கி, ஒரு முனையில் ஒலியைக் கொடுத்து மறுமுனையில் அது வந்துசேரும் நேரத்தை அளப்பேன். சுத்தமான மணற்கல் என்றால் கணக்கு லேசு. அதற்குள் களிமண் கலந்துவிட்டால் எல்லாம் குழம்பும். களி கூடக் கூட வேகம் குறையும் என்று பலரும் ஒரு நேர்கோடு கீறி வைத்துக்கொண்டு திருப்தியாக இருந்தார்கள். என் கற்கள் அந்தக் கோட்டில் நிற்க மறுத்தன. ஒரே அளவு களி உள்ள இரண்டு கல், ஒன்றில் ஒலி ஓடுகிறது, மற்றதில் இழுபடுகிறது.

ஒரு குளிர்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். கற்களைச் சீவி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. களி எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேட்டால் போதாது, அது எங்கே இருக்கிறது என்றும் கேட்கவேண்டும். மணலும் மணலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, இடைவெளியில் களி சும்மா கிடந்தால், ஒலி மணல்வழியே போய்விடும். அதே களி மணலுக்கும் மணலுக்கும் நடுவில் அகப்பட்டுப் பாரம் சுமந்துகொண்டிருந்தால், ஒலி அதற்குள்ளால் போகத்தான் வேண்டும், அங்கே வேகம் விழுந்துவிடும். நான் களியை இரண்டாகப் பிரித்தேன். சுமக்கிற களிக்கு ஒரு கணக்கு, சும்மா கிடக்கிற களிக்கு ஒரு கணக்கு. இரண்டையும் சேர்த்துச் சமன்பாடாக எழுதியபோது என் கற்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. அன்று நான் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பு எனக்கு வரவில்லை.

உன் மாமனார், ஊரே "புரொபெசர்" என்று அழைக்கிற அந்த மனிதர், என் ஆய்வுக்குப் பொறுப்பாளர். அவரிடம் காட்டாமல் வேறு யாரிடம் காட்டுவேன்? அவருடைய அறைப் பலகையில் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். "நல்லாயிருக்கு தங்கச்சி, வடிவாய் எழுதித் தாங்கோ" என்றார். எழுதிக் கொடுத்தேன். அதோடு எனக்கு இருந்த ஒரு சந்தேகத்தையும் சொன்னேன். அளப்பதற்கு முன் கல்லைக் காயவைக்க வேண்டும். எங்கள் ஆய்வுகூடத்தில் அதற்கு ஒரு மின்சாரப் போறணை இருந்தது, தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்கும் மேலே வைத்து ஒரு நாளில் காயவைத்து எடுப்பார்கள். மணல் மட்டும் உள்ள கல்லுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. களி அப்படியில்லை. அது தனக்குள்ளே கொஞ்சம் தண்ணீரை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். அந்தத் தண்ணீரையும் விரட்டிவிட்டால் களி சுருங்கி இறுகி வெடித்து வேறொன்றாகிவிடும். பிறகு நீ அளப்பது நிலத்துக்கு அடியில் இருந்த கல்லை அல்ல. இளஞ்சூட்டில், ஈரக்காற்றோடு, வாரக்கணக்கில் மெதுவாகக் காயவைக்க வேண்டும், நான் எல்லாவற்றையும் திரும்பச் செய்கிறேன் என்று கேட்டேன். அவருக்குக் கருத்தரங்கு நெருங்கிக்கொண்டிருந்தது. "களிதானே தங்கச்சி, காய்ஞ்சா என்ன? நாங்கள் என்ன, சட்டி பானையே செய்யிறம்?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அறையில் இருந்த மற்ற மாணவர்களும் சிரித்தார்கள். சொன்னபடி கற்களைப் போறணையில் வைத்தேன்.

அந்தக் கோடையில் கட்டுரை வந்தது. அவருடைய பெயரில், அவருடைய பெயரில் மட்டும். என் இரண்டு களிக்கும் ஆங்கிலத்தில் அழகான பெயர் வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், பரிசோதனையில் உதவியதற்கு எனக்கு ஒரு நன்றி, அதிலும் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. நான் அவருடைய அறைக்குப் போனேன். அவர் கதிரையைக்கூடக் காட்டாமல் சொன்னார்: "நீங்கள் எடுத்தது எண்ணுகள் தங்கச்சி. அதை விளங்கப்படுத்தி எழுதினது நான். இதெல்லாம் இஞ்சை வழமை." என் பட்டத்துக்கு என்னிடம் இருந்த ஒரே சரக்கு அதுதான். அவர் பெயரில் வெளிவந்த ஒன்றை நான் எப்படி என் ஆய்வென்று கொடுப்பது? வேறு தலைப்பு எடுக்கச் சொன்னார். அடுத்த வருடம் எனக்கிருந்த ஆய்வு உதவித்தொகையும் நின்றது. நான் பட்டம் இல்லாமல் வெளியே வந்தேன். இன்று பாலங்களிலிருந்து வெட்டி எடுத்த கொங்கிறீற் துண்டுகளுக்குள் ஒலியை விட்டுப் பார்க்கிற வேலை செய்கிறேன். அந்த வேலையை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் "அம்மா ஏன் படிப்பை விட்டவ?" என்று நீ கேட்டபோதெல்லாம் "வயதாகிவிட்டது, ராசா" என்று சொன்னேனே, அது பொய்.

எங்கள் ஆட்களிடம் சொல்லவில்லையா என்று கேட்பாய். சொன்னேன். கோவில் சபையில் இருக்கிற ஒருவர் என்னை ஒரு ஓரமாகக் கூப்பிட்டு, "எங்கட ஆக்களுக்கை ஒருத்தர்தான் இப்பிடி மேல வந்திருக்கிறார். வெள்ளைக்காரருக்கு முன்னாலை அவரைக் காட்டிக்குடுக்கப் போறியளோ?" என்று கேட்டார். என்னைக் காட்டிக்கொடுத்தவரைப் பற்றி அவருக்கு ஒரு சொல்லும் இல்லை. உன் அப்பாவும் விடு, விடு என்றார். அவர் நல்லவர், சண்டை என்றால் சமையலறைக்குள் போய் அரிசி கழுவத் தொடங்கிவிடுவார். நான் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கறுவிக்கொண்டே இருந்தேன். அவர் தமிழ்ப் பாடசாலை விழாவில் பொன்னாடை போர்த்திக்கொண்டு நிற்கும்போது முன்வரிசையில் இருந்து கைதட்டினேன். தட்டிய ஒவ்வொரு தட்டும் எனக்கு மட்டும் விளங்கும்.

என்னிடம் ஒன்று இருந்தது. அந்த உருளைகளை வெட்டிய பெரிய கற்களில் மிச்சம் ஆய்வுகூடத்துப் பெட்டிகளில் கிடந்தது. கருவிகளுக்குப் பொறுப்பான லூசி, என்ன நடந்தது என்று எல்லாம் அறிந்தவள், சனிக்கிழமைக் காலைகளில் கருவியை எனக்குத் திறந்துவிட்டாள். அவளும் நானும் அதே கற்களிலிருந்து புது உருளைகள் வெட்டி, நான் முதலில் கேட்டபடியே ஈரக்காற்றில், இளஞ்சூட்டில், பொறுமையாகக் காயவைத்தோம். ஒருமுறை பெட்டியைக் காரில் ஏற்றித் தந்தவனும் நீதான். அன்றைக்கு வழியில் உனக்கு எல்லாம் விளங்கப்படுத்தினேன், யாருக்கும் சொல்லக்கூடாது என்றும் சொன்னேன். நீ தலையாட்டினாய். வீட்டுக்கு வெளியே லூசிக்குத் தெரியும், வீட்டுக்குள் உனக்கும் அப்பாவுக்கும் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது.

புது அளவுகள் வந்தபோது என் இரண்டு களியும் அசையாமல் நின்றன. அந்த யோசனை சரி. ஆனால் சுமக்கிற களி எவ்வளவு இறுக்கமானது என்று அவர் கட்டுரையில் போட்ட எண் பிழை. வறுத்த களி கல்லாய் இறுகியிருக்கும், நிலத்துக்கு அடியில் ஈரத்தோடு இருக்கிற களி அப்படி இருக்காது. அவருடைய கணக்கு சொல்லுகிற வேகத்தைவிட உண்மையான கல்லில் ஒலி மெதுவாகத்தான் போகும். ஊர் ஊராக மேடை ஏறி அவர் காட்டிக்கொண்டு திரிந்தது வறுத்த கல்லின் கணக்கு. நான் உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்றைக்கோ ஒருநாள் எவனோ ஒருவன் துளைபோட்டு நேரில் அளந்து பார்ப்பான், கணக்கு உதைக்கும், அப்போது இவர் எல்லோருக்கும் முன்னால் முழிப்பார் என்று காத்திருந்தேன். என்னை நல்லவள் என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை இப்போதே மாற்றிக்கொள். கொங்கிறீற் தூசியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருகிற வழியில் அந்த முழியைக் கற்பனை செய்துதான் நான் பல வருடம் தெம்பாக இருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் நீ ஆரணியைக் கூட்டிக்கொண்டு வந்தாய். அவருடைய மகள் என்று நீ சொன்னபோது அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் உடனே சரி என்றேன், நீ என்னைக் கட்டிப்பிடித்தாய். பிள்ளையின் சந்தோஷத்துக்காக அம்மா எல்லாவற்றையும் மறந்துவிட்டாள் என்று நினைத்தாய், பாவம். அந்தப் பெண் நல்ல பெண், நேராகப் பேசுகிறவள், அது ஒரு காரணம். மற்றக் காரணம், எனக்குக் கதிரை காட்டாத மனிதர் என் வீட்டுக் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு என்னைச் சம்பந்தி என்று கூப்பிடுவதைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையில் நான் அவசரப்பட்டுவிட்டேன். அவரும் ஒரு கணக்கோடுதான் வருவார் என்று யோசிக்கவில்லை.

போன மாதம் பழத்தட்டுகளோடு அவரும் மனைவியும் வந்தார்கள். நீயும் அப்பாவும் ஆரணியின் அம்மாவோடு முன்னறையில் மண்டபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் சமையலறைக்குள் வந்து "தங்கச்சி" என்றார், பிறகு திருத்திக்கொண்டு "சம்பந்தி" என்றார். மேற்கில் ஒரு எண்ணெய்க் கொம்பனி தன் கிணற்றில் அளந்த வேகம் அவருடைய கணக்கோடு ஒத்துவரவில்லை என்று எழுதிக் கேட்டிருக்கிறதாம், இன்னும் சிலரும் கேட்கத் தொடங்கிவிட்டார்களாம். நான் காத்திருந்த நாள் அதுதான். என் சமையலறையில், கறிவேப்பிலைப் போத்தலுக்குப் பக்கத்தில் அந்த முழி முழித்துக்கொண்டு நின்றது. அந்தச் சந்தோஷத்தை ஒரு மிடறு குடிப்பதற்குள் அவர் அடுத்ததைச் சொன்னார்.

"மெதுவாய்க் காயவைச்ச கல்லுகளின்ர அளவு உங்களிட்டை இருக்குதாம். தந்தீங்களெண்டால் ரெண்டு பேற்ற பேரிலையும் போடுவம். உங்கட பேர் முன்னுக்கு வந்தாலும் எனக்குப் பிரச்சினையில்லை. இனி நாங்கள் ஒரே குடும்பம்தானே."

"என்னட்டை இருக்கெண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"தம்பிதான் சொன்னவர்."

நான் சீனி எவ்வளவு போடவேண்டும் என்று கேட்டேன். அவர் ஒரு கரண்டி என்றார். போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். கோப்பையை வாங்கிக்கொண்டு, பெரியவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றால் பிள்ளைகளின் நல்ல காரியம் எப்படி நடக்கும் என்று மெதுவாகச் சொன்னார். அதன் பொருள் எனக்கு விளங்கியது. அளவுகளைத் தந்தால் கலியாணம், தராவிட்டால் பார்ப்போம். வாசலால் எட்டிப் பார்த்தேன். நீ அவருடைய மனைவிக்கு லட்டுத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் ஒரு குற்றவுணர்வும் இல்லை. அதுதான் எனக்கு நெஞ்சில் குத்தியது.

அன்றைக்குப் பிறகு உன்னிடம் கேட்டேன். "அவர் கவலையோட இருந்தவர் அம்மா, உதவியா இருக்குமெண்டு சொன்னனான், அதெல்லாம் பழைய கதைதானே" என்றாய். பழைய கதை. நான் அந்தக் கதையோடுதான் நாள்தோறும் வேலைக்குப் போய் வருகிறேன், தம்பி. கலியாணம் கட்டப்போகிற பிள்ளைக்குத் தாய் அறிவுரை சொல்லவேண்டும் என்பார்கள், ஆகையால் ஒன்று சொல்கிறேன். உன் வீட்டில் ஒருத்தி இருப்பாள், அவளுக்கும் ஒரு யோசனை வரும், அதை உன்னை நம்பி உனக்கு முதலில் சொல்வாள். அதைக் கொண்டுபோய் இன்னொருவருக்கு விருந்து வைத்துவிட்டு, நல்ல பிள்ளை என்று பெயர் வாங்காதே. கேட்டுவிட்டுச் செய். அவள் வேண்டாம் என்றால் வாயை மூடு. இது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, ஆனால் உனக்கு இதை நான் பழக்கவில்லை போல இருக்கிறது.

இனி உனக்குத் தெரியாத பகுதி. போன கிழமை ஆரணி வேலை முடிந்து நேரே இங்கே வந்தாள், தனியாக. வெளியே சேற்றுப்பனி, சப்பாத்தைக் கழற்றக்கூட மறந்து வாசல் பாய்மேல் நின்றாள். வீட்டில் அப்பாவும் அம்மாவும் தாழ்ந்த குரலில் என் பெயரைச் சொல்லிச் சண்டை பிடித்தது அவள் காதில் விழுந்திருக்கிறது. உன்னிடம் கேட்டாளாம், நீ அவளுக்கும் பழைய கதை என்றுதான் சொன்னாயாம்.

"மாமி, அப்பா உங்கட வேலையை எடுத்தவரோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

அந்த வீட்டிலிருந்து ஒருவர் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்று எத்தனை காலம் நினைத்திருப்பேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அவளுடைய கண் கலங்கியபிறகும் சந்தோஷம் போகவில்லை. அவளை இருத்தி, இரண்டு களியையும் போறணையையும் அவளுக்கு விளங்கும்படி சொன்னேன். மருந்துக்கடையில் வேலை செய்கிற பிள்ளை, சட்டென்று பிடித்துக்கொண்டாள். பிழையான சூட்டில் வைத்தால் மருந்தும் கெட்டுப்போகும் மாமி என்றாள். அளவுகளை நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டாள். சஞ்சிகைக்கு அனுப்பக் கட்டுரை எழுதி முடித்துவிட்டேன், கலியாணம் முடியட்டும் என்று உனக்காக வைத்திருக்கிறேன் என்றேன். அதற்கு அவள் சொன்னாள்:

"அனுப்பிறதெண்டால் இப்பவே அனுப்புங்கோ மாமி. நான் இந்த வீட்டுக்கு வந்தாப் பிறகு அனுப்பினால், நானும் சேர்ந்து மறைச்ச மாதிரி இருக்கும்."

அடுத்த நாளே அனுப்பிவிட்டேன். என் பெயரும் லூசியின் பெயரும் மட்டும். கற்கள் முதலில் எந்தச் சூட்டில் காயவைக்கப்பட்டன, அதனால் எந்தக் கணக்குப் பிழைத்தது, அந்தக் கணக்கு எந்தக் கட்டுரையில் இருக்கிறது, எல்லாம் அதில் இருக்கிறது. உன் மாமனாருக்கு நீயே சொல்லலாம், உனக்குத்தான் அவரிடம் போய்ச் சொல்லுகிற பழக்கம் இருக்கிறதே. இதனால் கலியாணத்தை நிறுத்துவேன் என்று அவர் சொன்னால் அது அவர் விருப்பம். அவருடைய மகள் அவர் சொல்லி நிறுத்தப்போவதில்லை, அதை அவளே என்னிடம் சொல்லிவிட்டாள்.

ஆனால் அன்றைக்கு இங்கிருந்து புறப்படும்போது அவள் இன்னொன்று கேட்டாள். அந்த அளவுகள் என்னிடம் இருப்பது அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று. நான் உன்னைக் காப்பாற்றியிருக்கலாம். லூசி சொல்லியிருப்பாள், யாரோ பல்கலைக்கழகத்தில் சொல்லியிருப்பார்கள் என்று வாய்க்குள் முணுமுணுத்திருக்கலாம். பெற்ற தாய் அப்படித்தான் செய்வாள் என்று நீ எதிர்பார்ப்பாய். நான் உன் பெயரைச் சொன்னேன்.

வருகிற சனிக்கிழமை கூறைச் சேலை எடுக்க நானும் அவளும் போவதாக இருந்தது. கதவைத் திறந்தபடி நின்று, "இப்ப வேண்டாம் மாமி, முதல்ல அவரோட ஒருக்காக் கதைக்கவேணும்" என்றாள். உன்னிடம் என்ன கேட்கப்போகிறாள் என்று நான் விசாரிக்கவில்லை. பழைய கதைதானே என்று என்னிடம் சொன்ன பதிலை அவளிடம் திரும்பவும் சொல்லாதே, அவள் அதை ஏற்கமாட்டாள். அவள் திரும்பி வந்து என்னைக் கடைக்குக் கூப்பிடும்வரை நான் காத்திருக்கிறேன்.

அம்மா